பனிக்காலத்து ஒயிலும் புசல்லாவை ஏற்றமும்

காலை ஆறு மணி பத்து. கராஜின் தகரக் கதவைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு வண்டி மாடுகள். ஒன்று வெள்ளை, மற்றது செவலை. நுகத்தடியிலிருந்து வந்த கயிறு ஒரு மோட்டார் காரின் முன் அச்சில் கட்டப்பட்டிருந்தது. காரின் மூக்கில் கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தது. டிரைவர் செல்லையா ஸ்டியரிங்கின் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, எஞ்சின் ஓடும்போது எப்படிப் பிடிப்பாரோ அப்படியே வளையத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். பின்பக்கம் முட்டைக்கோசு மூட்டைகள். அவற்றின் மேல் மாட்டுக்காரர் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் போர்மன் நமசிவாயம் ஐயா தோளில் துவாய்த் துண்டோடு வெளியே வந்து, மாடுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“என்ன காணும் செல்லையா, போனமுறை வரேக்க உந்த எஞ்சின் இருபத்தைஞ்சு குதிரை எண்டீர். இப்ப ரெண்டு மாட்டோட வந்து நிக்கிறீர்.”

“மாட்டுக்கு ஒயில் வேணாங்க ஐயா. புல்லு இருந்தா போதும், ராத்திரி பூரா இழுக்குது” என்றார் செல்லையா. சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அந்தப் பனிக்காலத்தில் அவர் வண்டியில் எஞ்சின் தண்டைத் தாங்கும் பேரிங் உருகியது அது மூன்றாவது முறை.

சென்ற மாதம் ஒரு இளம் மெக்கானிக் புதிதாக வந்த கார் ஒன்றின் முகப்பை எனக்குக் காட்டினார். எஞ்சின் எண்ணெயின், அதாவது ஒயிலின், அழுத்தத்தைக் காட்ட அதில் ஊசி இல்லை. சிறிய சிவப்பு விளக்கு மட்டும் இருந்தது. “அந்தக் காலத்துல நீங்க ஊசிய நம்பியா ஓட்டுனீங்க?” என்று கேட்டார். நம்பித்தான் ஓட்டினோம். மாடுகள் வந்தது அதனால்தான் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அவருக்காகவும், அவரைப் போலக் கேட்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் மெக்கானிக்காகத் தொடங்கியவன் அல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் கண்டியிலிருந்து வந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குச் செய்தி சேர்த்தேன். எந்தச் செய்தியைக் கொண்டு போனாலும் ஆசிரியர் முதலில் “எந்த இடம்?” என்றுதான் கேட்பார். இடம் சரியாகத் தெரியாத செய்தி கூடைக்குள் போகும். பத்திரிகை நின்றுபோனதும், கட்டுகஸ்தோட்டை வீதியில் இருந்த கராஜில் சேர்ந்தேன். முதலில் சாமான் அறை, பிறகு வண்டி கழுவும் குழி, பிறகு எஞ்சின். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விரல் நகங்கள் கறுத்தன. மறுபடி வெளுக்கவில்லை.

நமசிவாயம் ஐயா யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைப் பக்கத்து மனிதர். வண்டிச் சொந்தக்காரர் வந்து குறையைச் சொல்லத் தொடங்கினால் அவர் பதில் பேசமாட்டார். எஞ்சினிலிருந்து ஒயில் அளவுகோலை உருவி, நுனியில் நிற்கும் ஒயிலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்ப்பார். இரண்டு விரலையும் மெல்லப் பிரித்து, நடுவில் நூல் எவ்வளவு நீளத்துக்கு அறாமல் நிற்கிறது என்று பார்ப்பார். மணந்து பார்ப்பார். துவாயில் விரலைத் துடைப்பார். அதுவரை சொந்தக்காரர் பேசிக்கொண்டே இருப்பார். துடைத்து முடிந்ததும் ஐயா “ஓம், இப்ப சொல்லும்” என்பார். சொந்தக்காரர் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஒயிலின் சூட்டை அளக்கும் கருவி எங்களிடம் இருக்கவில்லை. ஐயாவின் உள்ளங்கை இருந்தது. அதில் நாலு அளவுகள்: கிணற்றுத் தண்ணீர், பிள்ளை குளிப்பாட்டும் தண்ணீர், குடிக்கிற தேத்தண்ணி, கையை எடு. ஓடும் எஞ்சினில் ஒயில் மூன்றாவது அளவில் இருக்க வேண்டும். நாலாவதுக்குப் போனால் ஒயில் நீர்த்து, உலோகத்துக்கு நடுவில் நிற்காது. முதலாவதில் இருந்தால் தடித்து, போக வேண்டிய இடத்துக்குப் போகாது. வெயில் ஊர்களில் வேலை பழகியவர்கள் நாலாவதுக்கு மட்டுமே பயப்படுவார்கள்.

மடுல்கெல்லையில் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் ஒரு டிஸ்பென்சர் இருந்தார். மருந்துக்கடையிலிருந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு அரை மைல், லயத்திலிருந்து வீட்டுக்கு அரை மைல். மார்கழி மாதம் முழுவதும் அவருடைய சின்னக் கார் நாளுக்கு ஓடியது அவ்வளவுதான். ஒயிலைத் திறந்தால் பால் தேநீர் மாதிரி வந்தது. எஞ்சின் சூடேறும் முன்பே ஒவ்வொரு முறையும் நிறுத்தியதால், உள்ளே வேர்த்த தண்ணீர் ஆவியாகாமல் ஒயிலோடு கலந்துவிட்டது.

“ஐயா, உங்கட வண்டிக்குச் சளி பிடிச்சுத் தடிமனாக்கியிருக்கு” என்றார் நமசிவாயம் ஐயா.

“அப்படியா? என்ன மருந்து குடுக்கணும்?”

“கிழமைக்கு ஒருக்கா வத்தேகமைக்குப் போய் வாங்கோ, இடையில நிப்பாட்டாமல். சாப்பாட்டுக்கு முந்தியோ பிந்தியோ எண்டது உங்கட விருப்பம்.”

டிஸ்பென்சர் அதன்படியே செய்தார். வத்தேகமையில் நல்ல இறால் வடை கிடைக்கும் என்பதும் ஒரு காரணம் என்று பிறகு சொன்னார்.

செல்லையாவின் வண்டிக்குக் கஷ்டம் வேறு. அது கம்பளைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்த காசிம் முதலாளியின் வண்டி. அமெரிக்கத் திறந்த காராகத்தான் கப்பலில் வந்து இறங்கியது. முதலாளி அதை முன் இருக்கைக்குப் பின்னால் அறுத்து, சட்டத்தை நீட்டி, பலகை அடித்து, கூரை போட்டார். பகலில் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஆட்கள். விடியற்காலையில் நுவரெலியாவிலிருந்து கண்டிச் சந்தைக்கு மரக்கறி. இவ்வளவு பாரத்தை அந்த எஞ்சின் எதிர்பார்த்திருக்கவில்லை. சித்திரை வெயிலில், நுவரெலியாவுக்குப் போகும் வழியில் உள்ள இறம்பொடை ஏற்றத்தில் ஒயில் தண்ணீராக நீர்த்து, ஊசி விழுந்துவிடும். அதற்கு நமசிவாயம் ஐயா ஒரு வழி செய்தார். செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து ரேடியேட்டருக்கு முன்னால் கீழே பொருத்தினார். பம்பிலிருந்து வரும் ஒயில் அந்தச் சுருளுக்குள் போய்க் காற்றில் ஆறி, பிறகு பேரிங்குகளுக்குப் போகும். ஒயிலையும் ஆகத் தடித்த வகையாக மாற்றினார். அதன் பிறகு அந்த வண்டி வெயிலுக்கு அசையவில்லை. வேறு கராஜ்காரர்கள் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஐயா அவர்கள் பார்க்க வசதியாகச் சுருளைத் துடைத்து வைப்பார்.

பிறகு பனிக்காலம் வந்தது.

அன்று காலை மாடுகளை அவிழ்த்து அனுப்பிவிட்டு எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றினோம். பம்பிலிருந்து ஆகத் தொலைவில் உள்ள பேரிங்கின் வெள்ளை உலோகம் உருகி, தட்டில் வெள்ளிக் குண்டுமணிகளாகக் கிடந்தது. முந்திய இரண்டு முறையும் அதே பேரிங்தான். ஒயில் குறையவில்லை. அழுக்கும் இல்லை.

எட்டு மணி ரயிலில் காசிம் முதலாளி வந்தார். கதிரை போட்டோம். உட்காரவில்லை. ‘இருக்கு’ என்பது அவர் வாயில் ‘ஈக்கி’ என்றே வரும்.

“நமசிவாயம் ஐயா, காருல கோளாறு ஒண்டும் இல்ல. ஓட்டுறவர்ட கையிலதான் ஈக்கி. ஏத்தத்துல போட்டு முறிச்சு எடுக்கிறார். தெல்தெனியால ஹமீதுண்டு ஒரு டிரைவர் ஈக்கார். திங்கக்கெழம வரச் சொல்லிட்டன்.”

செல்லையா புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். லொறி கழுவி, கிளீனராக நின்று, சாரதி அனுமதிப் பத்திரம் எடுத்து, அந்த வருடம்தான் மனைவியையும் பிள்ளையையும் லயத்து அறையிலிருந்து கம்பளையில் ஒரு அறைக்குக் கொண்டு வந்திருந்தார்.

“முதலாளி, நான் ஊசியப் பாத்துத்தாங்க ஓட்டுனேன். விழவே இல்லீங்க. மேல போய் முட்டிட்டு நின்னுச்சு. அதுக்கு மேல நான் என்னங்க பாக்குறது?” என்றார். முதலாளி வேறு பக்கம் திரும்பியதும் என்னிடம் தணிந்த குரலில், “திரும்பத் தோட்டத்துல, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல போய் நிக்கணும் போல இருக்குங்க. கங்காணி வேற எங்க சித்தப்பா. பேரச் சொல்லிக் கூப்பிடுறப்பவே சிரிப்பாரு” என்றார்.

எனக்குப் பழைய பழக்கம் வந்தது. மூன்று முறையும் எந்த இடத்தில் உடைந்தது என்று கேட்டேன்.

“மொதல்ல மரக்கறியோட இறங்கி வந்து, தவலந்தென்னப் பாலம் தாண்டி புசல்லாவைக்கு ஏறுறப்ப. ரெண்டாவது, அதே ஏத்தத்துல கொஞ்சம் மேல, மதகுகிட்ட. நேத்தும் மதகுதாங்க.”

“மேலே போகும்போது? இறம்பொடை ஏற்றத்தில்?”

“அங்க ஒரு நாளும் இல்லீங்க. அங்க பாட்டுப் பாடிக்கிட்டு ஏறும்.”

நமசிவாயம் ஐயா துவாயைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி போட்டார். அவருக்கு ஏதோ பிடிபட்டதன் அடையாளம் அது.

“முதலாளி, பெரிய ஏத்தத்தில உருகாத பேரிங், இறங்கி வந்து சின்ன ஏத்தத்தில ஏன் உருகுது? திங்கக்கிழமைக்கு முந்தி ஒருக்கா நாங்கள் போய்ப் பாப்பம். நீங்களும் வாங்கோ.”

“பனிக்கா? எனக்கு நெஞ்சுச் சளி.”

“அப்ப ரெண்டு சுவெட்டர் போடுங்கோ.”

பேரிங்கைப் புதிதாக வார்த்து, சுரண்டிப் பொருத்தி, சனிக்கிழமை மத்தியானம் நாலு பேரும் புறப்பட்டோம். முதலாளி மூன்று சுவெட்டர் போட்டு, காதுவரை மப்ளர் சுற்றியிருந்தார். இறம்பொடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது கடைக்காரர் அவரை நோயாளி என்று நினைத்து, முன் இருக்கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் விடியும்போது நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி உப்பைத் தூவியது போலக் கிடந்தது. ஐயா செல்லையாவிடம், “நீர் ஒவ்வொரு நாளும் என்ன செய்வீரோ அதைத்தான் செய்ய வேணும். நாங்கள் இல்லை எண்டு நினையும்” என்றார்.

செல்லையா மரக்கறியை ஏற்றிவிட்டு, தன் கம்பளியை ரேடியேட்டரின் மேல் போர்த்திக் கயிற்றால் கட்டினார். கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினார். ரேடியேட்டர் மூடியில் இருந்த கண்ணாடிக் குழாயில் சிவப்பு விரைவாக ஏறியது. “தண்ணி சூடாயிருச்சுங்க. போலாம்” என்றார். தோட்டத்து ஆட்கள் மழைக்கும் பனிக்கும் தலையில் போடும் கம்பளி அது. பனியில் வண்டி ஓட்டும் எல்லோரும் அப்போது அப்படித்தான் செய்தார்கள். நானும் அதில் தவறு காணவில்லை.

இறம்பொடைக் கணவாய் உச்சியில் ஐயா நிறுத்தச் சொன்னார். ரேடியேட்டரைத் தொட்டார்: “கையை எடு.” ஒயில் நிற்கும் அடித்தட்டைத் தொட்டார்: “பிள்ளை குளிப்பாட்டலாம்.” செம்புச் சுருளைத் தொட்டார். அதைத் தொட்டபடி கொஞ்ச நேரம் இருந்தார். “கிணத்துத் தண்ணி” என்றார்.

இறம்பொடை வளைவுகளைக் கியரில் இறங்கினோம். வளைவுகள் முடிந்து நீண்ட சரிவு தொடங்கியதும் செல்லையா கியரை எடுத்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். சத்தம் அடங்கியது. அருவி கேட்டது. கூரையில் மரக்கறிக் கூடைகள் கிறீச்சிடுவது கேட்டது. ஈரக் காற்று நேராகச் சுருளில் அடித்தது. மப்ளருக்குள் இருந்து காசிம் முதலாளியின் முகம் வெளியே வந்தது.

“பாத்தீங்களா? பாலம் வரைக்கும் ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்ல. நாந்தான் இவருக்குச் சொல்லிக் குடுத்த.”

ஐயா அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அப்பிடியோ” என்றார்.

தவலந்தென்னப் பாலத்தின் அருகே செல்லையா கியரைப் போட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்தார். ஊசி துள்ளி மேலே போய் முட்டியது. “இந்தா பாருங்க, இப்படித்தாங்க நிக்கும்” என்றார்.

“நிப்பாட்டும். எஞ்சின் மட்டும் மெதுவா ஓடட்டும்.”

ஐயா ஸ்பேனரோடு குனிந்தார். சுருளிலிருந்து எஞ்சினுக்குள் ஒயில் போகும் இடத்தில் இருந்த நட்டைத் தளர்த்தினார். அந்த ஊசி காட்டிய அழுத்தத்துக்கு ஒயில் முகத்தில் பீச்சி அடித்திருக்க வேண்டும். நாங்கள் மூவரும் பின்வாங்கி நின்றோம். ஒன்றும் வரவில்லை. பிறகு குழாயின் வாயில் ஒரு துளி திரண்டது. கித்துள் பனையில் காய்ச்சிய சுத்தமான பாணி மாதிரி நீண்டு, யோசித்து, விழுந்தது. அடுத்த துளி வர நேரம் எடுத்தது. ஊசி மேலேதான் முட்டிக்கொண்டு நின்றது.

“ஊசிக்குப் போற குழாய் எங்க பூட்டியிருக்கு?” என்று ஐயா என்னைக் கேட்டார்.

தடவிப் பார்த்தேன். பம்புக்கும் சுருளுக்கும் நடுவில் பொருத்தியிருந்தது.

“ஓம். பம்ப் தள்ளுது எண்டு ஊசி சொல்லுது. போய்ச் சேர்ந்திட்டுது எண்டு அது சொல்லேல்லை. சுருளுக்குள்ள ஒயில் கட்டியாப் போச்சு. தள்ளுற ஒயில், அழுத்தம் கூடினால் திறக்கிற வால்வால திரும்பி அடித்தட்டுக்கே போகுது. பேரிங் காயுது. இந்த நிலையில ஏத்தத்தில பாரம் குடுத்தால் மதகடியில உருகும்.”

காசிம் முதலாளி குனிந்து சுருளைப் பார்த்தார்.

“அப்ப இந்தச் சுருளப் பூட்டின ஆரு?”

“நான்தான்” என்றார் ஐயா. “வெயிலுக்குப் பூட்டினன். பனி எண்டு ஒண்டு இருக்கிறதை நினைக்கேல்லை. ஊசியையும் பிழையான இடத்தில வைச்சவன் நான்தான். எஞ்சினை நிப்பாட்டி இறக்கச் சொன்னது ஆர் முதலாளி?”

முதலாளி மப்ளரைச் சரிசெய்தார். செல்லையா வீதியைப் பார்த்துக்கொண்டு, “கம்பளியத் தண்ணிக்குப் போத்துனது நானுங்க. ஒயிலுக்குப் போத்தியிருக்கணும்” என்றார்.

“சரி. ஆளுக்கொரு பங்கு” என்றார் முதலாளி. “மூணு பேருமாச் சேந்து ஒரு பேரிங்க உருக்கி ஈக்கிறம்.”

ஐயா கம்பளியை ரேடியேட்டரிலிருந்து அவிழ்க்கச் சொன்னார். அதைச் சுருளைச் சுற்றிக் கட்டினோம். எஞ்சினை ஓடவிட்டு, பாலத்தருகே இருந்த கடையில் தேத்தண்ணி குடித்தோம். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். துளி நூலாகியது, நூல் குழாயளவு தடித்தது. ஐயா சுருளைத் தொட்டு “பிள்ளை குளிப்பாட்டலாம்” என்று சொன்ன பிறகுதான் நட்டை இறுக்கி, சிந்தியதற்கு ஈடாக ஒயில் ஊற்றி, ஏற்றத்தில் வண்டியை விட்டோம்.

மதகு வரும்வரை நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். உருகும் பேரிங் முதலில் கதவு தட்டுவது போல் இரண்டு தட்டுத் தட்டும். மதகு வந்தது. மதகு பின்னால் போனது. எஞ்சின் ஒரே குரலில் இழுத்தது. புசல்லாவைக் கடைகள் தெரிந்ததும் காசிம் முதலாளி ஒரு சுவெட்டரைக் கழற்றினார்.

பிறகு கராஜில் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இளம் மெக்கானிக்குகளுக்கு உதவலாம். சுருளுக்கு முன்னால் ஒரு பித்தளைக் குழாய்ப்பூட்டு வைத்தோம். வெயிலில் திறந்தால் ஒயில் சுருள் வழியாகப் போகும். பனியில் திருப்பினால் நேராகப் பேரிங்குக்குப் போகும். ஊசியின் குழாயைப் பேரிங்குகளுக்குப் பக்கத்தில் மாற்றினோம். மார்கழிக்கும் தைக்கும் மெல்லிய ஒயில். இரவு நுவரெலியாவில் நிற்கும்போது, எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஒயிலைச் சுத்தமான தகரத்தில் வடித்து, தேத்தண்ணிக் கடை அடுப்புக்குப் பக்கத்தில், நெருப்பில் அல்ல, சுடுசாம்பலில் வைக்க வேண்டும். காலையில் ஊற்றிவிட்டு உடனே கிளப்ப வேண்டும். முதல் வாரம் மரக்கறிக் கொட்டிலில் ஒருவர் தகரத்தைத் திறந்து மணந்து, “இது என்ன கசாயம்?” என்று கேட்டாராம். “மொதலாளி குடிக்கிறது. நெஞ்சுச் சளிக்கு” என்று செல்லையா சொல்லியிருக்கிறார்.

இதற்கெல்லாம் முன், மதகைத் தாண்டியதற்கு மறுநாளான திங்கட்கிழமை, நான் கம்பளையில் முதலாளியின் கடையில் பித்தளைச் சாமான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். செல்லையா வாசலில் நின்று வண்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். பாலத்தடியில் ஆளுக்கொரு பங்கு என்று சொன்ன முதலாளி, ஹமீதை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கவில்லை. பத்து மணிக்கு ஹமீது வந்தார். நல்ல உயரம், எண்ணெய் தேய்த்த தலை, கையில் தோல் உறை.

முதலாளி தராசைப் பார்த்தபடியே கேட்டார். “எறக்கத்துல எப்பிடி ஓட்டுவீங்க, ஹமீது?”

ஹமீது இந்தக் கேள்விக்காகவே தெல்தெனியாவிலிருந்து வந்தவர் போல் முகம் மலர்ந்தார். “எஞ்சின நிப்பாட்டிருவன் முதலாளி. கணவாயில விட்டா, பாலத்துலதான் திரும்பக் கெளப்புற. பெட்ரோல் வாசமே ஈக்காது.”

முதலாளி தராசுத் தட்டில் இருந்த கொத்தமல்லியை மெல்லக் கொட்டினார்.

“நல்ல பழக்கம். ஆனா எங்கட கார் கொஞ்சம் சீதள உடம்பு. அதுக்கு ஒத்துக்காது. சாப்பிட்டுட்டுப் போங்க.”

ஹமீது சாப்பிட்டார். அவரைக் கண்டிவரை கொண்டுபோய் விடும்படி முதலாளி செல்லையாவிடம் சொன்னார். வழியில் இருவரும் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று தெரியாது. பேராதனைப் பாலம் தாண்டும்போது இருவரும் சிரித்துக்கொண்டு போனதை எங்கள் கராஜ் ஆள் ஒருவர் பார்த்திருக்கிறார்.

அடுத்த பனிக்காலத்தில் அந்த வண்டி எங்கள் கராஜுக்கு ஒரே ஒரு முறைதான் வந்தது. செல்லையா ஓட்டிக்கொண்டு வந்தார். ஹாரனின் ரப்பர் பந்து கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.